தலைக்கு மேல் ஒரு தொங்கு விளக்கு

வாங்கும் முன்பும் மாட்டும் முன்பும் கவனிக்க வேண்டியவை

அன்று இரவு மணி இரண்டரை. டோம்பிவிலியில் எங்கள் வீட்டில் எல்லோரும் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தோம். திடீரென்று 'தடால்' என்று ஒரு சத்தம். கூடவே கண்ணாடி நொறுங்கும் ஓசை.

பதறி எழுந்து சுவர் லைட்டைப் போட்டேன். 9 நாட்களுக்கு முன்பு ஆசை ஆசையாக வாங்கி மாட்டிய தொங்கு விளக்கு கீழே விழுந்து கிடந்தது. தரையில் அல்ல, என் 4 வயது மகளின் தலையணை மீது கிடந்தது.

நல்ல வேளை, தலையணையில் மகள் இல்லை. அன்று மாலைதான் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பாட்டி பக்கத்தில்தான் படுப்பேன் என்று அடம் பிடித்துக் கட்டிலுக்குப் போய்விட்டாள். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததை நினைத்துக் கடவுளுக்கு நன்றி சொன்ன தகப்பன் நான்.

இது நடந்து 2 ஆண்டுகள் ஆகின்றன. இன்று எங்கள் வீட்டில் வேறொரு தொங்கு விளக்கு எரிகிறது. முதல் விளக்கு ஏன் விழுந்தது, இரண்டாவது விளக்கு ஏன் நிற்கிறது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. நம்மவர்கள் பலர் இப்போது சொந்த வீடு வாங்குகிறார்கள். வாங்கியவுடன் முதலில் தேடுவது இப்படி ஒரு விளக்கைத்தான். நான் பட்ட பாடு அவர்களுக்கு வேண்டாம்.

ஆணி அடிக்காத 8 ஆண்டுகள்

நான் பிறந்து வளர்ந்தது தாராவியில். எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு குண்டு பல்பு. அதன் அடியில்தான் அம்மா சமைப்பார். அதன் அடியில்தான் நாங்கள் படிப்போம். பல்பு பீஸ் ஆகிவிட்டால் மறுநாள் அப்பா கூலி வாங்கி வரும்வரை தெரு விளக்குதான்.

படித்து முடித்து, இரயில்வேயில் குமாஸ்தா வேலை கிடைத்து, கல்யாணமும் ஆனது. அதன் பிறகு 8 ஆண்டுகள் வாடகை வீடு. மும்பையில் வாடகை என்றால் 11 மாத ஒப்பந்தம் என்பது வாசகர்களுக்குத் தெரியும். 11 மாதம் முடிந்ததும் மூட்டை கட்ட வேண்டியதுதான். சுவரில் ஒரு ஆணி அடித்தால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். கல்யாணப் போட்டோவைக்கூட அலமாரி மேல் சாய்த்து வைத்தே காலம் ஓடியது.

கடன் வாங்கி, நகையை அடகு வைத்து, டோம்பிவிலியில் ஒரு ஹால், ஒரு சமையலறை கொண்ட வீட்டை வாங்கினோம். சாவி கைக்கு வந்த அன்று, "என்ன வேண்டும், சொல்" என்று மனைவியைக் கேட்டேன். பீரோ கேட்பாள், மிக்சி கேட்பாள் என்று நினைத்தேன்.

"ஹாலில் தொங்குகிற மாதிரி ஒரு விளக்கு வேண்டும். கதவைத் திறந்ததும் அதுதான் தெரிய வேண்டும். இது நம்ம வீடு என்று அது சொல்ல வேண்டும்" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பே இல்லை. நான் அதைச் செய்த விதத்தில்தான் தப்பு.

அவசரத்தில் செய்த தவறு

ஒரு சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு கடைக்குப் போனோம். பித்தளைத் தண்டு, அதில் 3 கண்ணாடிக் கிண்ணங்கள். கடையில் 40 விளக்குகளுக்கு நடுவில் அது ஜொலித்தது. விலையைப் பேசினேன். எடையைக் கேட்கவில்லை. பிறகு நிறுத்துப் பார்த்தபோது நாலரைக் கிலோ இருந்தது.

கடைக்காரர் சொல்லி அனுப்பிய பையன் வந்தான். எங்கள் ஹாலில் பழைய சொந்தக்காரர் போட்ட பி.ஓ.பி. கூரை இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது வெறும் வெள்ளைப் பலகை. உண்மையான கான்கிரீட் அதற்கு மேலே அரை அடி தள்ளி இருக்கிறது. பையன் அந்தப் பலகையில் 2 பிளாஸ்டிக் பிளக்கைச் செருகி, 2 ஸ்குருவை முடுக்கி, விளக்கை மாட்டிவிட்டான். 20 நிமிடத்தில் வேலை முடிந்தது. 200 ரூபாய் கொடுத்தேன்.

பகலில் அந்த விளக்கின் கீழ் மடக்கு மேஜை. இரவில் மேஜையை மடக்கிவிட்டு அதே இடத்தில் படுக்கை. 9 நாள் மின்விசிறிக் காற்றில் ஆடி ஆடி, பிளக் தளர்ந்து, பத்தாம் நாள் விழுந்தது.

அதன் பிறகு 4 மாதம் இந்தப் பேச்சையே நான் எடுக்கவில்லை. கூரையில் 2 ஓட்டை மட்டும் இருந்தது. மனைவியும் கேட்கவில்லை. ஆனால் சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஒரு தடவை மேலே பார்ப்பாள். அதுதான் பொறுக்க முடியவில்லை.

அண்ணாச்சி வந்தார்

எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் இருக்கிறார். 40 ஆண்டுகளாக மும்பையில் எலக்ட்ரீசியன் வேலை பார்த்தவர். இப்போது தெரிந்தவர்களுக்கு மட்டும் வேலை செய்கிறார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ஒரு நாள் பால் வாங்கும் இடத்தில் நடந்ததைச் சொன்னேன்.

"வெளக்கு வாங்குனீங்களே தம்பி, அதத் தொங்கவிடக் கொக்கி வாங்குனீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"கோயில்ல தொங்குற வெளக்கப் பாத்திருக்கீங்கல்லா? அது எதுல தொங்குது?"

"சங்கிலியில்."

"சங்கிலி எதுல தொங்குது?"

"கல்லில் உள்ள வளையத்தில்."

"அம்புட்டுத்தான் தம்பி. இதுக்குப் படிப்பு வேண்டாம்."

அவர் சொன்னது உண்மை. நம் ஊர்க் கோவில்களில் தூண்டாமணி விளக்கைப் பார்த்திருப்பீர்கள். சங்கிலியில் ஒரு பறவை உட்கார்ந்திருக்கும். அதன் வயிற்றில் உள்ள எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே இறங்கும். அத்தனை பித்தளையும் எண்ணெயும் ஒரு கனமான சங்கிலியில், கல்லில் பதித்த வளையத்தில் தொங்கும். தொங்கு விளக்கு நமக்குப் புதிது அல்ல. மின்சாரம் வந்த பிறகு வயரே தாங்கும் என்று நாம்தான் நினைத்துவிட்டோம். வயர் மின்சாரத்தைக் கொண்டுவர. எடையைத் தாங்க அல்ல.

அன்று தொடங்கி ஒவ்வொன்றாக அண்ணாச்சியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மற்றதைக் கடை கடையாக ஏறி இறங்கியும் படித்தும் தெரிந்துகொண்டேன். கீழே தருகிறேன்.

முதலில் இடம், பிறகு விளக்கு

பெரும்பாலோர் கடையில் விளக்கைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து இடம் தேடுகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். இது தலைகீழ். முதலில் டேப்பை எடுத்து ஹாலை அளக்க வேண்டும்.

பத்திரிகைகளில் வரும் பெரிய பங்களாக்களில் ஹாலுக்கு நடுவில் விளக்கு தொங்கும். நம் வீட்டில் நடுவில் மின்விசிறி இருக்கிறது. மும்பைப் புழுக்கத்தில் அதை எடுக்க முடியாது. ஆகவே நம் வீட்டுத் தொங்கு விளக்கு எப்போதும் ஓரத்துக்காரன்தான். சாப்பாட்டு மேஜைக்கு மேல், அல்லது ஹாலின் ஒரு மூலை, அல்லது கதவுக்கு எதிரே உள்ள சுவர் ஓரம். இந்த மூன்றில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

சாதாரண மின்விசிறியின் சுற்றளவு வட்டத்துக்குக் குறுக்களவு 48 அங்குலம். அதாவது நடுவிலிருந்து இறக்கை நுனி வரை 2 அடி. இறக்கை நுனிக்கும் விளக்குக்கும் இடையே இன்னொரு 2 அடியாவது இருப்பது நல்லது. விளக்கு இறக்கைகளைவிடத் தாழ்வாகவும் இருக்க வேண்டும். இறக்கைக்கு மேலே வெளிச்சம் இருந்தால் சுற்றும்போது அறை முழுவதும் நிழல் வெட்டி வெட்டி ஓடும். சினிமாவில் பைத்தியம் பிடித்த காட்சி போல இருக்கும். தலைவலி வரும்.

எங்கள் ஹால் 10 அடிக்கு 12 அடி. நடுவில் மின்விசிறி. மேஜையின் அகலம் இரண்டரை அடி. அதைக் குறுகிய சுவரோடு ஒட்டிப் போட்டோம். மேஜையின் நடுக்கோடு சுவரிலிருந்து 15 அங்குலம். அந்தக் கோட்டில் 15 அங்குல விளக்கைத் தொங்கவிட்டால், இறக்கை நுனிக்கும் விளக்கின் விளிம்புக்கும் இடையே 2 அடிக்குச் சற்று அதிகமாக இடைவெளி கிடைக்கிறது. சுவர்ப் பக்கம் ஏழரை அங்குலம். இந்தக் கணக்கை ஒரு டைம் டேபிள் அட்டையின் பின்புறம் போட்டுப் பார்த்தேன். கடைக்குப் போகுமுன் விளக்கின் அளவு என் சட்டைப் பையில் இருந்தது.

இன்னொரு முடிவும் அன்று எடுத்தோம். மேஜையை இனி மடக்குவதில்லை. விளக்குக்குக் கீழே இனி படுக்கை போடுவதில்லை. ஒரே அறையில் உண்டு, உறங்கி, படிக்கும் நமக்கு இதைவிட முக்கியமான விதி வேறு இல்லை.

எவ்வளவு பெரிது? எவ்வளவு உயரம்?

மேஜைக்கு மேல் தொங்கும் விளக்கு, மேஜை அகலத்தில் பாதிக்குக் குறையாமலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். இரண்டரை அடி மேஜை என்றால் 15 முதல் 20 அங்குலம் வரை. அதற்கு மேல் போனால் எழுந்திருக்கும்போது தலையில் இடிக்கும். குறைந்தால் கூடத்தில் ஒரு எலுமிச்சம்பழம் தொங்குவது போல இருக்கும்.

மேஜை இல்லாமல் அறைக்காக வாங்குபவர்களுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. அறையின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் கூட்டுங்கள். வரும் எண்ணை அங்குலமாக வைத்துக்கொள்ளுங்கள். 10 அடியும் 12 அடியும் சேர்ந்து 22. ஆகவே 22 அங்குல விளக்கு. மின்விசிறி உள்ள அறைக்கு இதில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

உயரம் அடுத்த விஷயம். மேஜையின் மேற்பரப்பிலிருந்து விளக்கின் அடி விளிம்பு வரை 30 முதல் 36 அங்குலம் இருக்கலாம். சாதாரண மேஜையின் உயரம் 30 அங்குலம். ஆகவே விளக்கு தரையிலிருந்து 5 அல்லது ஐந்தரை அடியில் நிற்கும். கீழே மேஜை இருப்பதால் யாரும் அந்த வழியே நடக்க மாட்டார்கள்; இடிக்காது. மேஜையை நகர்த்தும் பழக்கம் உள்ளவர்கள் இந்த உயரத்தை நினைக்கவே கூடாது. நடக்கும் வழியில் தொங்கும் விளக்குக்கு அடியில் 7 அடியாவது விட வேண்டும். நம் அடுக்கு மாடி வீடுகளின் கூரை உயரமே சுமார் 9 அடிதான். ஆகவே அங்கே 2 அடிக்குள் அடங்கும் விளக்காகப் பார்த்து வாங்குங்கள்.

தீர்மானிக்க ஒரு வழி இருக்கிறது. விளக்கின் அளவுக்கு ஒரு பழைய அட்டைப் பெட்டியையோ மூங்கில் கூடையையோ கயிற்றில் கட்டி அந்த இடத்தில் 2 நாள் தொங்க விடுங்கள். யார் தலையில் இடிக்கிறது, எதிரே உட்கார்ந்தவர் முகத்தை மறைக்கிறதா என்பது தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் வெங்காயக் கூடை தொங்கியது. அம்மா சிரித்தார். ஆனால் 2 அங்குலம் ஏற்ற வேண்டும் என்று முதலில் சொன்னவரும் அவர்தான்.

எங்கே வாங்குவது?

மும்பையில் விளக்குகளுக்குப் பெயர் போன இடம் லோஹார் சால். சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸில் இறங்கி, கிராபர்ட் மார்க்கெட் வழியாக நடந்தே போய்விடலாம். வயர், சுவிட்ச், பல்பு, விளக்கு என்று கடைக்கு மேல் கடை. மொத்த வியாபாரிகளும் உண்டு, சில்லறையும் கொடுப்பார்கள். நாம் தொங்கு விளக்கு என்று சொல்வதை அங்கே 'ஹேங்கிங்' என்பார்கள். கொத்து விளக்கு என்றால் 'ஜூமர்'. 2 கடையில் விலை கேட்காமல் மூன்றாவது கடையில் வாங்காதீர்கள்.

பழைய சாமான்களில் ஆசை உள்ளவர்களுக்கு சோர் பஜாரின் மட்டன் தெரு இருக்கிறது. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. பழைய கப்பல் விளக்கு, கண்ணாடிக் கொத்து விளக்கு எல்லாம் தொங்கும். இரயில்வேக்காரன் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை: இரயில்வே முத்திரை உள்ள விளக்கைக் கண்டு மயங்கி, ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். ஏலத்தில் முறைப்படி விற்ற பொருளாக இருந்தால் கவலை இல்லை. திருட்டுப் பொருளாக இருந்தால், 1966-ம் ஆண்டு இரயில்வே சொத்து சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம். அழகுக்கு ஆசைப்பட்டு ஆபத்தை வாங்க வேண்டாம். பழைய விளக்குகளில் உள்ள வயரையும் ஹோல்டரையும் அப்படியே பயன்படுத்தாமல் புதிதாக மாற்றிவிட வேண்டும்.

சரக்கு பல வகை. உத்தரப் பிரதேசத்து மொராதாபாத் பித்தளைக்கும், பிரோசாபாத் கண்ணாடிக்கும் பெயர் பெற்ற ஊர்கள். பித்தளை நீடிக்கும், துடைக்க வேண்டும், கனம் அதிகம். கண்ணாடி கண்ணைப் பறிக்கும், விழுந்தால் ஆபத்து. பிரம்பும் மூங்கிலும் இலேசானவை, விலையும் கட்டுப்படியாகும், மாதம் ஒரு தடவை தூசி தட்ட வேண்டும். காகித விளக்கு எல்லாவற்றையும்விட இலேசு. ஜப்பானிய வம்சாவளியைச் சேர்ந்த இசாமு நொகுச்சி என்ற சிற்பி 1951-ல் செய்யத் தொடங்கிய காகித விளக்குகள் உலகப் புகழ் பெற்றவை. இன்று கடைகளில் தொங்கும் வெள்ளைக் காகித உருண்டைகள் அவற்றை ஞாபகப்படுத்தும். ஆனால் சமையலறைப் புகை உள்ள வீட்டில் காகிதம் சீக்கிரம் பழுப்பாகிவிடும்.

மனைவி இந்தத் தடவை பிரம்பு விளக்கைத் தேர்ந்தெடுத்தாள். கவிழ்த்த கூடை போல 15 அங்குலக் குறுக்களவு. கடைத் தராசில் நிறுத்தச் சொன்னேன். 900 கிராம். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

கண் கூசக் கூடாது

விளக்குக்கு அடியில் இருட்டு என்பது பழைய அகல் விளக்கின் கதை. தொங்கு விளக்கு அதற்கு நேர்மாறு. அடியில்தான் வெளிச்சம், மேலேதான் இருட்டு. ஆகவே உட்கார்ந்திருப்பவர் கண்ணில் பல்பு நேராகப் படக் கூடாது.

டென்மார்க் நாட்டில் பவுல் ஹென்னிங்சன் என்று ஒருவர் இருந்தார். மின்சார பல்பு வந்து வீடுகளில் கண்ணைக் கூச வைக்கிறதே என்று 1920-களிலேயே கவலைப்பட்டவர். தட்டு மேல் தட்டாக அடுக்கி, பல்பு கண்ணில் படாமல் வெளிச்சம் மட்டும் மேஜைக்கு வரும்படி விளக்குகளைச் செய்தார். அவர் 1958-ல் வடிவமைத்த விளக்கு இன்றும் விற்பனையாகிறது. அதை வாங்க நம் சம்பளம் காணாது. ஆனால் அவர் கண்ட வழிக்குக் காசு இல்லை. கடையில் விளக்கை ஏற்றச் சொல்லி, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பாருங்கள். பல்பு தெரிந்தால் அந்த விளக்கு மேஜைக்கு ஆகாது.

அரிசிப் பையின் சோதனை

இப்போது மாட்டும் வேலை. அண்ணாச்சி முதலில் பி.ஓ.பி. பலகையில் ஒரு சிறு துளை போட்டு, மேலே உள்ள கான்கிரீட்டைக் கண்டுபிடித்தார். அதில் டிரில் மெஷினால் துளை போட்டு, ஆங்கர் பாஸ்னர் என்ற இரும்பு ஆணியைப் பொருத்தினார். முடுக்க முடுக்க அது உள்ளே விரிந்து கான்கிரீட்டைக் கவ்விக்கொள்ளும். பிளாஸ்டிக் பிளக் சுவரில் படம் மாட்டச் சரி. கூரையில் எடை நேர்க் கீழாக இழுக்கும். அது நாளடைவில் வழுக்கி வந்துவிடும். துளை போடும்போது, கூரைக்குள் ஓடும் வயர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆணியின் அடியில் கொக்கி. கொக்கியில் விளக்கு மாட்டுவார் என்று பார்த்தேன். "அரிசி இருக்கா?" என்றார்.

5 கிலோ அரிசிப் பையைக் கொக்கியில் கட்டித் தொங்கவிட்டார். "ஒரு ராத்திரி தொங்கட்டும். 5 கிலோவத் தாங்குனா, ஒரு கிலோ வெளக்கு எங்க போயிரும்? காலைல வாரேன்" என்று போய்விட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. இரண்டரை மணிக்கு எழுந்து பார்த்தேன். மனைவியும் எழுந்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பை அசையாமல் தொங்கியது. காலையில் கொக்கியை அண்ணாச்சி தொட்டுப் பார்த்தார். ஒரு நூல்கூட இறங்கவில்லை.

மின்சாரத்தோடு விளையாட வேண்டாம்

பாரம் தாங்கும் வேலையை நாமே பார்த்துச் சரி செய்யலாம். மின் இணைப்பை உரிமம் பெற்ற எலக்ட்ரீசியன்தான் செய்ய வேண்டும். ஆனால் அவர் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, சுவிட்சை அணைத்தால் போதாது. மெயின் பெட்டியில் எம்.சி.பி.யை இறக்க வேண்டும். பழைய வீடுகளில் சுவிட்சை பேஸ் வயரில் போடாமல் நியூட்ரல் வயரில் போட்டிருப்பார்கள். அப்போது சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். விளக்கு அணைந்துவிட்டதே என்று தொட்டவர் கதி என்ன? டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள வேறு இடத்தில் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகுதான் இங்கே வைக்க வேண்டும்.

இரண்டாவது, உலோக விளக்காக இருந்தால் பச்சை நிற எர்த் வயர் விளக்கின் உடம்போடு சேர்ந்திருக்க வேண்டும். பல இடங்களில் பச்சை வயரை மடித்து உள்ளே தள்ளிவிடுகிறார்கள். அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டில் மின்கசிவைக் கண்டு தானே நிறுத்தும் ஆர்.சி.சி.பி. கருவி இல்லையென்றால், புதிய விளக்குக்கு முன்பு அதைப் போடுங்கள். 30 மில்லி ஆம்பியர் என்று அதில் எழுதியிருக்க வேண்டும்.

மூன்றாவது, வயர் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக இருக்கட்டும். இணைப்பை முறுக்கி டேப் சுற்றி கூரைக்குள் ஒளித்து வைக்கக் கூடாது. சீலிங் ரோசுக்குள் கனெக்டரில்தான் இணைக்க வேண்டும். எடை முழுவதும் சங்கிலியிலோ கம்பியிலோ கொக்கியில் நிற்க, வயர் கொஞ்சம் தொய்வாகத் தளர்ந்து இருக்க வேண்டும். வயர் விறைப்பாக இருந்தால் அது எடையைத் தாங்குகிறது என்று பொருள். உடனே இறக்கச் சொல்லுங்கள்.

நான்காவது, திருகு மாடல் ஹோல்டராக இருந்தால் பேஸ் வயர் உள்ளே நடுமுனைக்கும் நியூட்ரல் வயர் சுற்றியுள்ள மரைக்கும் போக வேண்டும். மாறிவிட்டால் பல்பைத் திருகும் கைக்கு ஆபத்து. நம் ஊரில் வழக்கமான பின் மாடலா, திருகு மாடலா என்று வாங்கும்போதே கேளுங்கள். இல்லாவிட்டால் பல்புக்காக மறுபடி கடைக்கு நடக்க வேண்டும்.

பல்பும் கட்டணமும்

பிரம்பு, துணி, காகிதம் இவற்றுக்குள் பழைய குண்டு பல்பைப் போடவே கூடாது. அது தின்னும் மின்சாரத்தில் பெரும் பகுதி வெப்பமாகவே போகிறது. எல்.இ.டி. பல்பு அவ்வளவு சுடாது. ஆனாலும் காற்றே புகாத மூடிய கிண்ணத்தில் அதன் ஆயுள் குறையும். மேலும் கீழும் திறந்த விளக்கு நல்லது.

60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தருகிறது. தினம் 4 மணி நேரம் எரித்தால் மாதம் 1 யூனிட்டுக்குச் சற்று அதிகம் ஆகும். குண்டு பல்பு என்றால் 7 யூனிட்டைத் தாண்டும். ஆகவே, 'தொங்கு விளக்கு வைத்தால் கரண்ட் பில் ஏறும்' என்ற பயம் ஒற்றை விளக்குக்கு இல்லை. 8, 10 பல்பு உள்ள கொத்து விளக்குக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

நிறத்தையும் பார்க்க வேண்டும். பெட்டியில் 3000 கே என்று இருந்தால் மஞ்சள் கலந்த இதமான வெளிச்சம். 6500 கே என்றால் ஆபீஸ் டியூப் லைட் போன்ற நீலம் கலந்த வெள்ளை. சாப்பிட மஞ்சள் நல்லது. சோறும் குழம்பும் பார்க்கவே பசி எடுக்கும். பிள்ளைகள் படிக்கவும் அதே விளக்கு என்றால் நடுத்தரமாக 4000 கே வாங்கலாம். நாங்கள் அதைத்தான் வாங்கினோம்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு

இதைப் படிக்கும் பலர் இன்னும் 11 மாத ஒப்பந்தத்தில் இருப்பீர்கள். உங்களுக்கும் வழி இருக்கிறது. பிளக் வைத்த தொங்கு விளக்குகள் கிடைக்கின்றன. கூரையைத் தொட வேண்டாம். சுவரில் ஒரு இரும்புத் தாங்கி, அதன் நுனியில் கொக்கி, அதில் விளக்கு. வயரைச் சுவரோடு கிளிப் அடித்து பிளக்கில் சேர்த்துவிடலாம். வீட்டுக்காரரிடம் 2 துளைக்கு மட்டும் அனுமதி கேட்டால் போதும். காலி செய்யும்போது விளக்கும் உங்களோடு வரும்.

அம்மா கும்பிட்ட விளக்கு

எங்கள் விளக்குக்கு ஆன மொத்தச் செலவில் கொக்கிக்கும் ஆணிக்கும் ஆனது நூறு ரூபாய்கூட இல்லை. முதல் தடவை அந்த நூறு ரூபாயை நான் மிச்சம் பிடித்திருந்தேன். எதை விலையாகக் கொடுக்க இருந்தேன் என்று நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஹாலில் வேறு எங்கே இடம் இருந்தாலும் அந்த மேஜையில்தான் உட்கார்ந்து எழுதுவாள். பிரம்பு இடுக்குகளின் நிழல் சுவரில் கோலம் போட்டது போல விழும். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள், "விளக்கு எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்கிறார்கள். மனைவி சொல்லத் தொடங்குவாள். நான் எப்போதும் குறுக்கே புகுந்து கொக்கியைப் பற்றிச் சொல்லுவேன். அவள் சிரிப்பாள்.

புது விளக்கை முதல் முதலாக ஏற்றிய நாள் ஒரு வெள்ளிக்கிழமை. மாலை 6 மணி இருக்கும். சுவிட்சைப் போட்டது மகள். வெளிச்சம் மேஜை மேல் வட்டமாக விழுந்தது. நாங்கள் எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அம்மா மட்டும் கண்களை மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, விளக்கைப் பார்த்துக் கும்பிட்டார். தாராவியில் அந்த ஒற்றைக் குண்டு பல்பு எரியும்போதும் தினமும் அப்படித்தான் கும்பிடுவார்.